“தழும்பே தெரியாது” என்னும் பொய்யும், கல்விப்புலத்தின் மௌனமும்

சில வாரங்களுக்கு முன் மருத்துவ வரலாறு குறித்த ஒரு கருத்தரங்கில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். இத்தகைய அரங்குகளில் தவறாமல் வரும் படம் அன்றும் திரையில் வந்தது. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வெளியான, கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரரின் உருவப்படம். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டியோட்டிச் சிறைப்பட்டவர். மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டவர். பூனாவுக்கு அருகில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழிறக்கிப் புதிய மூக்கைச் செய்தார். அதைப் படித்தறிந்த கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1814இல் லண்டனில் அம்முறையைச் செய்துகாட்டினார். உலகத்துக்கு ஒட்டுறுப்பு அறுவையைக் கற்றுக்கொடுத்தது பாரதம் என்று உரையாளர் முடித்தபோது கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

அப்போது ஓர் ஆய்வு மாணவி எழுந்து கேட்டார்: “அந்த நெற்றித் தழும்பு ஆற எவ்வளவு காலம் பிடித்தது? இன்று முகத்தில் அழகுக்காக அறுவை செய்துகொள்பவர்களிடம் அந்தக் காலக்கணக்கை ஏன் யாரும் சொல்வதில்லை?”

அமர்வின் தலைவர் புன்னகைத்தார். “இது கல்விப்புலம் சார்ந்த கேள்வி அல்ல, அம்மா. நல்ல தோல் மருத்துவரைப் பாருங்கள்” என்றார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். மாணவி அமர்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ வரலாற்றை ஆய்பவன். ஆயினும் அன்று அரங்கில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகவும் கல்விப்புலம் சார்ந்தது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். திரையில் காட்டப்பட்ட அந்த 1794ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அதற்கான விடையின் தொடக்கம் இருக்கிறது. நெற்றியில் உள்ள வடு நாள்பட்ட பின்னர் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை என்று கடிதம் எழுதியவர் குறித்திருக்கிறார். வடு உண்டு என்கிறார், நாள்படவேண்டும் என்கிறார், அப்போதும் அது மறைந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. இரண்டேகால் நூற்றாண்டுக்கு முன் ஓர் இதழ்க்கடிதத்துக்கு இருந்த இந்த நேர்மை, இன்றைய அழகியல் அறுவைக் கூடங்களின் விளம்பரப் பலகைகளுக்கு இல்லை. அப்படத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கும் நாமோ, அதனுடன் அச்சான கடிதத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்வதே இல்லை.

முதலில் அறிவியல் சொல்வதை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். தோலின் மேற்படலம் மட்டும் உராய்ந்தால் தழும்பின்றி ஆறலாம். கத்தி உட்தோலைக் கடந்துவிட்டால் தழும்பு உண்டாவது உறுதி. கருவறையில் முதல் ஐந்தாறு மாதங்களுக்குள் இருக்கும் சிசுவின் தோலுக்குத் தழும்பின்றி ஆறும் ஆற்றல் உண்டு. பிறந்துவிட்ட நம்மில் எவருக்கும் அது இல்லை. காயம் ஆறுவதென்பது பழைய தோல் திரும்பி வருவது அன்று. குருதி உறைகிறது, அழற்சி வருகிறது, புதிய திசு நிரம்புகிறது, பிறகு அத்திசு நெடுங்காலம் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. முதலில் அவசரமாக இடப்பட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் மெல்ல மெல்ல முதல் வகைக் கொலாஜனுக்கு இடம் விடுகிறது. மூன்றாம் வாரத்தில் அந்த இடத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் நூற்றுக்கு 20 முதல் 30 வரைதான். எத்தனை காலம் ஆனாலும் அது ஏறத்தாழ 80க்கு மேல் உயர்வதில்லை.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகிறது. தையல் பிரித்த ஒரு வாரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த தழும்பு, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் சிவந்தோ கறுத்தோ தடித்தோ முன்னிலும் எடுப்பாகத் தெரிவது இயல்பானது. பெரும்பாலும் அது பின்னர் தணிகிறது. ஆனால் இதை முன்கூட்டியே அறியாத ஒருவருக்கு அந்த மாதங்கள் நரகம். தம் முகம் கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டுகிறார். கண்டதையெல்லாம் பூசுகிறார். இன்னொரு மருத்துவரிடம் ஓடி, பக்குவப்படாத தழும்பின்மீது இன்னோர் அறுவைக்கு ஒப்புக்கொள்கிறார். ஒரே ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவும் தவிர்ந்திருக்கும்.

அறுவை மருத்துவர்களுக்கு இது தெரியாததன்று. அவர்களுடைய கலையின் பெரும்பகுதி தழும்பை ஒளிப்பதில்தான் இருக்கிறது. மேலிமை அறுவையில் கீறல் இமையின் மடிப்புக்குள் போகிறது. உடலிலேயே மிக மெல்லிய தோலில் அமைவதால் அது நன்றாக ஆறுகிறது. முகத்தோலை இழுத்துக் கட்டும் அறுவையில் கீறல் மயிர்க்கோட்டிலும், காதின் முன்மடிப்பிலும், காதின் பின்புறமும் ஓடுகிறது. திறந்த முறை மூக்குச் சீரமைப்பில் இரு நாசிகளுக்கும் நடுவிலுள்ள சிறு தூணில் நேர்க்கோடாக இல்லாமல் முறிந்த கோடாகக் கீறுகிறார்கள். தோலின் இயல்பான இழுவைத் திசையை ஒட்டிக் கீறினால் தழும்பு ஒடுங்கியிருக்கும் என்னும் அறிவுக்கு, லாங்கர் என்ற உடற்கூறியலார் 1861இல் பிணங்களின் தோலில் செய்த ஆய்விலிருந்து தொடரும் நீண்ட வரலாறு உண்டு. தேர்ந்த கையால் செய்த அறுவையின் தழும்பை ஓராண்டு கழித்துப் பிறர் கண்டுகொள்வது அரிது என்பதும் உண்மையே.

ஆனால் “பிறர் கண்டுகொள்வது அரிது” என்பதற்கும் “தழும்பே இருக்காது” என்பதற்கும் இடையில் உள்ள தொலைவைத்தான் இன்றைய சந்தை விலையாக்கிக்கொண்டிருக்கிறது. முதலாவது, மருத்துவர் தம் திறனைப் பற்றிச் சொல்லும் மதிப்பீடு. இரண்டாவது, மனித உயிரியலுக்குப் புறம்பான பொய். “தழும்பில்லா அறுவை” என்ற தொடரை எழுதும் ஒருவர் காயம் ஆறுவதைப் பற்றித் தாம் படித்த பாடத்தை மறந்திருக்க வேண்டும். அல்லது வாசிப்பவர் அதைப் படிக்கவில்லை என்று துணிந்திருக்க வேண்டும்.

அடுத்து, முன்-பின் படங்கள். ஒரு படம் சான்றாக வேண்டுமானால் ஒளி, தொலைவு, கோணம், ஒப்பனை, முகபாவம் ஆகியன இரு படங்களிலும் ஒன்றாயிருக்க வேண்டும். இரண்டாவது படம் எடுத்த நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். விளம்பரங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. முதல் படத்தில் மங்கலான மேல்விளக்கு; இரண்டாவதில் முகத்தின் நேரெதிரே மென்மையான ஒளி. தடித்த தழும்பை நேரொளி விழுங்கிவிடும், பக்கவாட்டு ஒளியே காட்டிக்கொடுக்கும் என்பது புகைப்படக்கலையின் அரிச்சுவடி. நாளோ குறிக்கப்படுவதே இல்லை. இயற்பியல் மாணவர் ஒருவர் இப்படியொரு தரவைக் கொண்டுவந்தால் ஆய்வகத்தை விட்டு வெளியேற்றுவோம். முகம் என்று வந்தால் மட்டும் கைப்பேசியில் விருப்பக்குறி இட்டு நகர்கிறோம்.

களிம்புகளின் கதை இதைவிடச் சோகமானது. வைட்டமின் ஈ தழும்பை ஆற்றும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தோல் புற்றுக்கான அறுவை செய்துகொண்ட 15 பேரின் தழும்புகளில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ சேர்த்த களிம்பையும் மறு பாதிக்கு வெறும் களிம்பையும் பூசினார்கள். நூற்றுக்கு 90 பேரிடம் வைட்டமின் ஈ பயன் தரவில்லை, அல்லது தழும்பை மோசமாக்கியது. மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனால் வைட்டமின் ஈக்கு ஆதரவாக வீடுதோறும் வழங்கும் நம்பிக்கைக்கு அந்த அளவுச் சான்றும் கிடையாது. பன்னாட்டு வழிகாட்டுதல்கள் முதன்மையாகப் பரிந்துரைக்கும் சிலிக்கோன் கூழும் தகடும் கூடத் தரம் குறைந்த சான்றுகளின்மேல் நிற்பதாகவே காக்ரேன் திறனாய்வுகள் சொல்லியிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிதாகத் தீங்கு செய்யாதவை, சிலருக்கு உதவுபவை. “மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது” என்று பெட்டியின்மேல் அச்சிடும்போது எவ்வளவு நிரூபிக்கப்பட்டது என்று கேட்பதே நம் தொழில் என்கிறேன். இதனினும் கொடியது, மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலவைகள். முகத்தோலை மெலியச் செய்து நிறத்தைக் குலைக்கும் இவற்றின் கேடு பெருகியதால்தான் 2018இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் நடுவண் அரசு சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தன, கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி, கல்விப்புலத்தினர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நம் தோல் பழுப்பு, பலருக்குக் கரும்பழுப்பு. காயத்துக்குப் பின் வரும் கருமை நம்மவர்க்கு மிகுதி. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இத்தகைய தோலில் கருமையைத் தூண்டும். புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் சன்ஸ்கிரீன் அதற்குப் போதாது. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு தழும்பும் கருந்தோலினரிடம் அதிகம். காதுமடலும் தாடையோரமும் அது விரும்பும் இடங்கள். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். ஊசி வழி ஸ்டீராய்டு கொடுத்தால் தழும்பு அமுங்கலாம். அந்த இடம் குழிந்து வெளுத்தும் போகலாம். லேசரின் அளவு பிசகினால் மருந்தே புண்ணாகும்.

இத்தனைக்கும், தோல் வகையையும் தழும்பையும் அளக்க நம் கையில் உள்ள கோல்கள் எங்கே பிறந்தன? 1975இல் பிறந்த ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப்பாடு தொடக்கத்தில் வெள்ளைத் தோலை மட்டுமே வகைபிரித்தது. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்ற எண்களோடு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன. அதுவும் ஒளிச்சிகிச்சையின் அளவை முடிவுசெய்ய உண்டான கருவி. தழும்பை முன்னறிய உண்டானதன்று. 1990இன் வான்கூவர் தழும்பு அளவுகோல் நிறத்தையும் குருதியோட்டத்தையும் நெகிழ்வையும் உயரத்தையும் எண்ணிக்கை ஆக்குகிறது. வெள்ளைத் தோலில் சிவப்பாகப் பளிச்சிடும் குருதியோட்டம் கரும்பழுப்புத் தோலில் எப்படித் தெரியும் என்பதற்கு அதில் விடையில்லை. தழும்பைச் சுமப்பவரிடம் வலிக்கிறதா, அரிக்கிறதா, மனம் ஒப்புகிறதா என்று அது கேட்பதும் இல்லை. நோயாளியின் கருத்துக்கு ஒரு தனிப்பகுதி தந்த அளவுகோல் 2004இல்தான் வந்தது.

சரி, நம் தரவை நாமே உண்டாக்கலாமே என்றால், நம் முதுநிலை மருத்துவக் கல்வியின் அமைப்பே அதற்குக் குறுக்கே நிற்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, தலைப்புக்கு ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிகளைச் சேர்த்தல், தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தல். தழும்பு பக்குவப்பட ஒன்றரை ஆண்டு வேண்டும் என்று பாடநூலில் படிக்கும் மாணவர், மூன்றாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ தம் இறுதி அளவீட்டை முடித்துக்கொள்ள நேர்கிறது. ஆறாத தழும்பை அளந்து ‘சிறந்த பலன்’ என்று எழுதுகிறோம், பட்டம் கொடுக்கிறோம். இது மாணவரின் குற்றமன்று. துறைகள் நோயாளிப் பதிவேட்டைத் தொடர்ந்து பேணி, ஒரு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் அளந்தால் இச்சிக்கல் தீரும். அதற்கு வேண்டியது பணமன்று, பொறுமை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நோயாளிகளை விளம்பரத்தால் ஈர்ப்பதை 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆனால் விதி மருத்துவரைப் பிடிக்கிறது, நிறுவனத்தின் பெயரில் வரும் விளம்பரம் நழுவுகிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அழகியல் அறுவைக்கென வழிகாட்டுதல் தந்தது. பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று சொல்லவேண்டிய நிலை வந்ததே நம் நாட்டின் நிலையைக் காட்டும். 2023 ஆகஸ்டில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள், குணமான நோயாளிகளின் படங்களையும் வியத்தகு பலன் காட்டும் காணொளிகளையும் மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் இடக்கூடாது என்றன. மூலப்பெயரில் மருந்தெழுதுவது பற்றிய பூசலில் அந்த விதித்தொகுப்பு முழுவதும் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அதனுடன் இந்த நல்ல விதியும் போயிற்று. அதற்காக யாரும் குரல் எழுப்பியதாக என் காதில் விழவில்லை. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள் ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்த பின் தருவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் விளக்கிவிட்டது. ஆனால் அறுவைக் கூடத்தின் வாசலில், மயக்க மருந்துக்குச் சில நிமிடங்களுக்கு முன், தமக்குப் புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடுபவர் எதை அறிந்தார்?

இவ்வளவும் சந்தையைப் பற்றியது. நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று அரங்கில் எழுந்த சிரிப்புக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருந்தது: ‘அழகுக்காக வெட்டிக்கொண்டாள், அனுபவிக்கட்டும்.’ நம்மில் முற்போக்காளர் எனப்படுவோரிடமும் இவ்வெண்ணம் உண்டு. அழகியல் அறுவை முதலாளியத்தின் சூழ்ச்சி, ஆணாதிக்கத்தின் கருவி என்று கட்டுரை எழுதிவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். அந்த விமரிசனத்தை நான் மறுக்கவில்லை. மணப்பெண் தேடும் விளம்பரங்களில் தோல் நிறத்தைக் கேட்கும் நாட்டில், முகத்தைத் திருத்தச் சொல்லும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் அழுத்தத்துக்கு ஆளானவரையே அதன் குற்றவாளி ஆக்குவது என்ன விமரிசனம்? ஒருவர் அறுவை செய்துகொண்ட காரணம் நமக்குப் பிடிக்காவிட்டால், அவரிடம் பொய் சொல்லலாம் என்றாகிவிடுமா? எலும்பு முறிந்து வந்தவருக்குச் சொல்லவேண்டிய உண்மையை மூக்கைத் திருத்த வந்தவருக்கு மறைக்கலாம் என்று எந்த அறநூல் சொல்கிறது?

மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றிய மொழி நம்முடையது. அதே மொழியில் வடு என்பது பழியையும் குறிக்கும். ஆணின் போர்க்களத் தழும்பு முதற்பொருளில் நிற்க, பெண்ணின் முகத்தழும்பு இரண்டாம் பொருளுக்குத் தள்ளப்பட்டதை இலக்கிய வகுப்பில் பேசுகிறோம். கருத்தரங்கில் அதே பெண் எழுந்து கேட்டால் சிரிக்கிறோம்.

இது வீண் பீதியைக் கிளப்பும் பேச்சு, நல்ல மருத்துவர்களும் இதனால் பாதிக்கப்படுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நேர்மாறாகத்தான் நடக்கும் என்பது என் துணிபு. ‘ஓராண்டு பொறுங்கள், மூன்றாம் மாதம் மோசமாகத் தெரியும், அஞ்சாதீர்கள், புகைப்பதை நிறுத்துங்கள், முகத்தோல் இழந்துபோகும் ஆபத்து அதனால் பல மடங்கு உயரும், உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் கெலாய்டு உண்டா?’ என்று கேட்கும் மருத்துவர் இன்று, இவற்றையெல்லாம் மறைப்பவரிடம் நோயாளியை இழக்கிறார். பொய்க்குத் தண்டனை இல்லாத இடத்தில் நேர்மை நட்டத்தில் முடிகிறது. பீதியைக் கிளப்புவது உண்மையன்று. மூன்றாம் மாதக் கண்ணாடிமுன் தனியாக நிற்கும்போது வந்து சேரும் அறியாமையே.

நான் கேட்பவை மூன்று. ஒன்று: தழும்பு தொடர்பான எந்தப் படமும் எடுத்த நாளையும் ஒளியையும் குறிக்காமல் வெளிவரக்கூடாது, பன்னிரண்டு மாதம் ஆகாத படத்தை ‘இறுதிப் பலன்’ என்று எந்த இதழும் எந்த ஆய்வேட்டுக் குழுவும் ஏற்கக்கூடாது. இரண்டு: ஒப்புதல் தாள் நோயாளியின் தாய்மொழியில், அறுவைக்குச் சில நாள்களுக்கு முன்பே தரப்பட வேண்டும், அதில் தழும்பு எங்கே வரும், எவ்வளவு காலம் எப்படித் தெரியும் என்பது தனிப்பத்தியாக இருக்க வேண்டும். மூன்று: இந்தியத் தோலுக்கான தழும்புப் பதிவேடு ஒன்றை அரசு மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து தொடங்க வேண்டும், அதில் நோயாளியின் சொல்லுக்கு மருத்துவரின் எண்ணுக்கு நிகரான இடம் வேண்டும்.

பழம்பெருமை பேச விரும்புவோருக்கும் ஒன்று சொல்வேன். சுசுருத சங்கிதை மூக்கமைக்கும் முறையை மட்டும் சொல்லி நிற்கவில்லை. புண்ணுக்கான அறுபது செயல்முறைகளை வரிசைப்படுத்தும்போது, ஆறிய புண்ணின் வெளுத்த இடத்துக்குக் கருமையூட்டுவதையும் கறுத்த இடத்தை வெளுப்பிப்பதையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறது. அந்த மருந்துகள் பலித்தனவா என்பது வேறு கேள்வி. புண் மூடியதும் மருத்துவன் கடமை முடிவதில்லை, தழும்பின் நிறமும் அவன் பொறுப்பே என்ற தெளிவு அந்நூலுக்கு இருந்தது. அதன் பெயரைச் சொல்லிக் கைதட்டிய அரங்கு, அதே பொறுப்பை நினைவூட்டிய மாணவியைப் பார்த்துச் சிரித்தது.

தேநீர் இடைவேளையில் அவரிடம் பேசினேன். அவர் சம்மதித்ததால் இதைமட்டும் எழுதுகிறேன்: அறுவை நடந்து ஐந்து மாதம். ஆறு வாரத்தில் தழும்பே தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பில் முன்வரிசையில் அமர்வதை விட்டுவிட்டார். ஓராண்டுக்கு மேல் ஆகும், பெரும்பாலும் தணியும், தணியாவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு என்று நான் படித்ததைச் சொன்னேன். முறையான மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன். “இதை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நான் செய்துகொண்டிருப்பேன். பொறுத்திருக்கவும் செய்திருப்பேன்” என்றார்.

அடுத்த கருத்தரங்கில் அந்தப் படம் திரையில் வரும்போது, கைதட்டுவதற்கு முன் யாரேனும் ஒருவர் எழுந்து அவருடைய கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். நான் இருக்கும் அரங்கில் நான் கேட்பேன்.